கருக்கலைப்புச் சட்டம் பற்றிக் கூட்டங்களில் கதைப்பவர்கள் விடும் பிழைகள்

போன மாதம் சாவகச்சேரிப் பக்கம் ஒரு மாதர் சங்கக் கூட்டம். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தியைப் பேச விட்டுவிட்டு நான் பின்வரிசையில் வாசலோரம் இருந்தேன். முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு அம்மா எழும்பி, "பிள்ளை, கருவைக் கலைக்கிறது சட்டப்படி குற்றமோ?" என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "இலங்கையில அபோஷன் முழுக்கத் தடை அன்ரி, என்ன காரணம் எண்டாலும் ஏலாது" என்றாள். கூட்டம் தலையாட்டியது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினான்கு வருடத்துக்கு முதல் அதே வசனத்தை, ஏறக்குறைய அதே தோரணையில், நானும் சொல்லியிருக்கிறேன்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நேரத்துக்குப் போ, அதிகம் இழுக்காதே என்ற வகைப் புத்திமதிகளை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டு வீடியோவை வைத்துக் கதைப்பது

எங்கள் ஊரில் சட்டம் பற்றிய அறிவில் பாதி யூடியூப்பில் இருந்து வருகிறது. அதுவும் தமிழ்நாட்டு யூடியூப். "இருபத்து நாலு கிழமை வரைக்கும் செய்யலாம்தானே" என்று யாராவது கேட்டால், அது எங்கே இருந்து வந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிடும். இந்தியாவில் 1971இல் கருக்கலைப்புக்கென்று தனிச் சட்டம் வந்தது. 2021இல் அதைத் திருத்தி, இருபது கிழமை வரை ஒரு வைத்தியரின் அபிப்பிராயம் போதும் என்றும், வல்லுறவுக்கு ஆளானவர்கள், வயது குறைந்தவர்கள் போன்ற சில வகையினருக்கு இரண்டு வைத்தியர்களின் அபிப்பிராயத்தோடு இருபத்து நாலு வரை போகலாம் என்றும் ஆக்கினார்கள். அதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம்.

இத்தனைக்கும் அவர்களுடைய பழைய தண்டனைச் சட்டப் பிரிவும் எங்களுடையதும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. இரண்டும் வெள்ளைக்காரன் எழுதியவை. அவர்கள் அதன் மேல் புதுச் சட்டம் ஒன்றை வைத்தார்கள், நாங்கள் வைக்கவில்லை. வெள்ளைக்காரனே தன் ஊரில் 1967இல் மாற்றிக்கொண்டுவிட்டான்.

லீவில் வந்து நிற்கும் உறவுகளும் இதே வேலையைச் செய்வார்கள். ஸ்காபரோவில் இருந்து வந்த ஒரு அன்ரி, "எங்கட பக்கம் அதுக்குச் சட்டமே இல்லையே" என்று கூட்டத்தின் நடுவே சொன்னார். அவர் சொன்னதும் சரிதான். 1988இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்தக் குற்றப் பிரிவைச் செல்லாது என்று சொன்ன பிறகு அங்கே அது குற்றவியல் சட்டத்தில் இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மட்டுவிலில் இருந்து வந்தவர்கள்.

அமெரிக்கச் சண்டையை இறக்குமதி செய்வது

கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமை என்று சொன்ன 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. அடுத்த கிழமையே இங்கே ஒரு விவாதப் போட்டிக்குத் தலைப்பு, "உயிரா உரிமையா?" இந்த நாட்டில் கேள்வி இன்னும் அந்த இடத்துக்கே வரவில்லை. வல்லுறவால் கருவுற்ற பதின்மூன்று வயதுப் பிள்ளைக்காவது சட்டம் வழிவிடுமா என்பதில்தான் முப்பது வருடமாக நிற்கிறோம்.

"முழுக்கத் தடை" என்று சொல்வது

இந்தப் பிழையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். பாதி எரிச்சல் என்மேல்.

முதலில் சட்டம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவு. பெண்ணின் உயிரைக் காப்பாற்றும் நோக்கத்தோடு நல்லெண்ணத்தில் செய்யப்பட்டால் ஒழிய, கருச்சிதைவு செய்விப்பது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை போகும், தண்டமும் சேரும். தனக்குத்தானே செய்துகொள்ளும் பெண்ணும் இதற்குள் அடக்கம். கிழமைக் கணக்கு எதுவும் அதில் கிடையாது. ஸ்கான் இல்லாத காலத்தில் எழுதியது, தாய் அசைவை உணர்ந்தாளா என்பதுதான் அளவுகோல். பெண்ணின் சம்மதமே இல்லாமல் செய்தால் 304ஆம் பிரிவு, இருபது ஆண்டு வரை.

ஆக, "உயிரைக் காப்பாற்ற" என்ற வாசல் ஒன்று இருக்கிறது. ஒடுங்கிய வாசல்தான், ஆனால் இருக்கிறது.

பதினான்கு வருடத்துக்கு முதல் வலிகாமத்தில் ஒரு கிராமத்தில் நான் இதைச் சொல்லவில்லை. "அபோஷன் குற்றம். ஏழு வருஷம் உள்ளுக்கை" என்றேன். ஏழு என்று சொன்னபோது கூட்டம் ஒரு கணம் அடங்கியது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நாலு மாதம் கழித்து அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் என்னைத் தனியே கூப்பிட்டார். அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு மாமியின் மருமகள், மூன்றாம் மாதம். தானாகவே இரத்தம் படத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பிள்ளை ஒன்றும் செய்யவில்லை, அவர்கள் தவம் கிடந்து பெற்ற கர்ப்பம் அது. மாமி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடவில்லை. "அபோஷன் எண்டா பொலிஸ் வரும், நீயா செய்தனி எண்டு கேப்பினம்" என்று இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தாராம். மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறி, கதை தடுமாறத் தொடங்கிய பிறகுதான் ஓட்டோ பிடித்தார்கள். இரத்தம் ஏற்றி, கழுவி, ஊசி போட்டு, பதினொரு நாளில் வீட்டுக்கு வந்தாள். உயிர் தப்பினாள்.

மாமி பழைய சேலைத் துண்டுகளை ஒரு உரப்பையில் போட்டு வைத்திருந்தாராம். இருபத்தொரு துண்டு, எண்ணி வைத்திருக்கிறார். பொலிஸ் வந்தால் இது தானாகப் போனதுதான் என்று காட்டுவதற்காக.

"அக்கா, நீங்க சொன்னதைத்தான் அவ அப்பிடியே நம்பினவ" என்றார் உத்தியோகத்தர். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் பேச்சில் தானாகப் போவதும் அபோஷன், கலைப்பதும் அபோஷன். "அவளுக்கு அபோஷனாப் போச்சு" என்று அனுதாபத்தோடு சொல்கிற அதே வாயால்தான் "அபோஷன் செய்தவளாம்" என்றும் சொல்கிறோம். வைத்தியர்கள் நோயாளியின் அட்டையில் எழுதுவதும் பெரும்பாலும் அதே சொல். சட்டக்கோவையின் "கருச்சிதைவு" என்ற சொல்லும் இரண்டுக்கும் பொருந்தும். மேடையில் இருந்து "அபோஷன் குற்றம்" என்றால், போன வருடம் இரண்டு மாதத்தில் கரு நழுவிய பெண் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைப்பாள். ஏன் நினைக்கமாட்டாள்?

அதனால் இப்போது நான் வரிசையை மாற்றிவிட்டேன். தானாகக் கரு போவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை என்பது முதல் வசனம். எந்தக் காரணத்தால் என்றாலும், இரத்தம் நிற்காமல் போனாலோ, காய்ச்சல், அடிவயிற்று நோ, கெட்ட மணம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ, உடனே ஆஸ்பத்திரி. அங்கே சிகிச்சை பெறுவதும் குற்றமில்லை, சிகிச்சை கொடுப்பதும் குற்றமில்லை. கருச்சிதைவுக்குப் பிந்திய பராமரிப்புக்கென்றே சுகாதார அமைச்சு வழிகாட்டல் வைத்திருக்கிறது. இது இரண்டாவது. தாயின் உயிரைக் காப்பாற்றச் செய்யலாம் என்பது மூன்றாவது. தண்டனை எத்தனை வருடம் என்பது கடைசி. சனம் முதல் வசனத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறது. கடைசி வசனம் வரும்போது பாதிப்பேர் செருப்புத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு சொல்லையும் பிரித்துப் பழகுங்கள். தானாகப் போனால் "கரு நழுவியது". வேண்டுமென்று செய்தால் "கருக்கலைப்பு". அபோஷன் என்ற சொல்லை மேடையில் தொடவே வேண்டாம்.

"விதிவிலக்கு இருக்குத்தானே, பிறகென்ன" என்பது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிலர் மற்றப் பக்கம் விழுவார்கள். கல்வியங்காட்டில் ஒரு ஓய்வுபெற்ற அதிபர் இப்படித்தான் எழும்பினார். உயிராபத்து என்றால் சட்டம் விடுகிறது, அதற்குமேல் என்ன கேட்கிறீர்கள் என்றார்.

அவருக்கு நான் சவிதா ஹலப்பனாவரின் கதையைச் சொன்னேன். கர்நாடகத்தில் பிறந்தவர், பல் வைத்தியர், அயர்லாந்தில் குடியிருந்தவர், வயது 31. 2012 ஒக்டோபரில், பதினேழாவது கிழமையில் கரு நழுவத் தொடங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார். பிள்ளை தப்பாது என்று தெரிந்த பிறகு கலைத்துவிடும்படி கேட்டார். அயர்லாந்திலும் அப்போது தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் செய்யலாம். ஆனால் கருவின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது, தாய்க்கு ஆபத்து "போதாது" என்று காத்திருந்தார்கள். கிருமி இரத்தத்தில் ஏறி, 28ஆம் திகதி இறந்துபோனார். ஆறு வருடம் கழித்து நடந்த சர்வசன வாக்கெடுப்பில் 66.4 வீதமானோர் பழைய தடையை நீக்க வாக்களித்தார்கள்.

எவ்வளவு ஆபத்து வந்தால் அது உயிராபத்து? 303ஆம் பிரிவிலும் அதற்கு அளவில்லை. அதிபர் ஒன்றும் சொல்லவில்லை, இருந்துவிட்டார். ஒத்துக்கொண்டாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

2017இல் சட்டம் மாறிவிட்டது என்பது

மாறவில்லை. வல்லுறவால் உண்டான கர்ப்பம், உயிர் தப்ப வழியில்லாத கடும் குறைபாடுள்ள கரு ஆகியவற்றுக்கு விலக்குக் கொடுக்கும் யோசனை அந்த வருடம் அமைச்சரவை வரை போனது. பத்திரிகைகள் "அனுமதி" என்று தலைப்புப் போட்டன. கத்தோலிக்க ஆயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அப்படியே கிடப்பில் போய்விட்டது. அந்தத் தலைப்பை மட்டும் வாசித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதைவிட எனக்குப் பொறுக்காதது 1995. தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்திய அந்த வருடத்து 22ஆம் இலக்கச் சட்டம், சம்மதம் சொன்னாலும் வல்லுறவாகக் கொள்ளப்படும் வயதெல்லையைப் பன்னிரண்டில் இருந்து பதினாறாக உயர்த்தியது. நெருங்கிய இரத்த உறவுக்குள் நடக்கும் பாலுறவைக் குற்றமாக்கியது. அதே சட்டமூலத்தில், இப்படிப்பட்ட கர்ப்பத்தைக் கலைக்க இடம் கொடுக்கும் வாசகமும் இருந்தது. பாராளுமன்றத்தில் எதிர்ப்பு வந்ததும் அதை மட்டும் உருவி எடுத்துவிட்டு மற்றதை நிறைவேற்றினார்கள். செய்தவன் குற்றவாளி என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. அந்தப் பிள்ளை பெற்றுத்தான் ஆகவேண்டும் என்பதிலும் உடன்பாடு போல.

658

"ஒரு நாளைக்கு 658 கருக்கலைப்பு" என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். எதிர்ப்பவரும் அதையே சொல்கிறார், ஆதரிப்பவரும் அதையே சொல்கிறார். அது 1990களின் கடைசியில் செய்த ஒரு மதிப்பீட்டில் இருந்து வந்த எண். ஒளித்துச் செய்வதை எவரும் வாசலில் நின்று எண்ணவில்லை. "இன்றைக்கும்" என்ற சொல்லை அதோடு ஒட்டாதீர்கள்.

தேசவழமையைக் கேட்டால்

அது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்: காணி, சீதனம், முதுசம். இதற்குச் சம்பந்தமில்லை.

அவசர கருத்தடை மாத்திரையை இதோடு சேர்ப்பது

பாமசியில் சட்டப்படி விற்பது, 72 மணித்தியாலத்துக்குள் எடுப்பது, அது கருவைக் கலைக்காது. முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கலைக்கும் மாத்திரை வேறு. அதன் பெயரைச் சபையில் கேட்பார்கள். சொல்லாதீர்கள்.

சமயத்தோடு மல்லுக்கட்டுவது

நான் இளமையில் இதில் கெட்டிக்காரி. ஆயர்களுக்கு என்ன தெரியும், பிக்குகளுக்கு என்ன தெரியும் என்று விளாசுவேன். குருநகரில் ஒரு வயதான அம்மா, கழுத்தில் செபமாலை, கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்த பிறகு பக்கத்தில் வந்து, "பிள்ளை, அது பாவம்தான். அதில நான் மாறமாட்டன். ஆனா அந்தப் பெட்டையை மறியலுக்கு அனுப்பு எண்டு எந்தப் பூசையிலயும் நான் மன்றாடினதில்லை" என்றார்.

பாவம் வேறு, குற்றம் வேறு. நான் ஒரு மணித்தியாலம் கத்தியும் சொல்லாததை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போனார். சைவ அம்மாமாரும் "கருவை அழிச்சா ஏழு பிறப்புக்கும் ஒட்டும்" என்பார்கள். அந்த நம்பிக்கையைத் தொடாமலே, பொலிஸும் சிறையும் இதற்கு மருந்தா என்று கேட்கலாம். அப்படிக் கேட்டால் கதைக்க வருகிறார்கள்.

கை தூக்கச் சொல்வது

"உங்களில் யாருக்காவது இப்படி..." என்று தொடங்கவே தொடங்காதீர்கள். ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

முடிந்ததும் ஓட்டோ ஏறுவது

சபையில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஊருக்குக் கேட்கிற கேள்வி. சொந்தக் கேள்வி கதிரை அடுக்கும்போதுதான் வரும். அதனால் நான் இப்போது கடைசி மட்டும் நின்று கதிரை அடுக்குவேன், மெதுவாக. சாவகச்சேரியிலும் அடுக்கினோம். புதுப் பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டு வாசலுக்குப் போகப் பார்த்தாள், கையைப் பிடித்து நிறுத்தினேன். ஐந்தாவது கதிரையோ ஆறாவதோ, ஒரு பெண் மற்றப் பக்கத்தைத் தூக்கித் தந்தபடி, என்னைப் பார்க்காமல், "தங்கச்சிக்குப் போன மாதம் தானாப் போனது. கிளினிக் கொப்பியில அபோஷன் எண்டு எழுதியிருக்கு. அதால ஏதும் பிரச்சினை வருமோ?" என்று கேட்டாள்.

புதுப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பதிலை அவள்தான் சொன்னாள். தானாகப் போவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை என்பதையும், முன்னுக்கு நின்று தான் சொன்னது பிழை என்பதையும்.