தலைமையாசிரியர்களுக்கு ஆன்லைனில் செயல்முறை வரைபடம் சொல்லித்தரும்போது செய்யக்கூடாத தவறுகள்

உங்கள் பள்ளியில் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) எப்படித் தருகிறீர்கள் என்று ஒரு ஹெச்.எம்.மைக் கேட்டால், "பெற்றோர் கடிதம் கொடுப்பார்கள், நாங்கள் டி.சி. கொடுப்போம்" என்று முடித்துவிடுவார். அதையே அலுவலக எழுத்தரிடம் கேளுங்கள். நூலகப் புத்தகம் பாக்கி இல்லையென்று வகுப்பாசிரியர் சொல்ல வேண்டும், சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதியும் முதலெழுத்தும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும், எமிஸ் என்ற கல்வித்துறையின் ஆன்லைன் மாணவர் பதிவில் பையனை காமன் பூலுக்கு (அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலுக்கு) மாற்ற வேண்டும், நெட் போனால் நாளைக்கு, ஹெச்.எம். மீட்டிங் போயிருந்தால் நாளை மறுநாள். ஒரு வேலை எந்தெந்தப் படிகளாக, யார் யார் கை வழியாக நடக்கிறது என்று படமாகக் காட்டுவதுதான் செயல்முறை வரைபடம். அதில் வரைய வேண்டியது இந்த இரண்டாவது பதிலைத்தான். எழுத்தர் இல்லாத தொடக்கப் பள்ளியில் இதெல்லாம் ஒரே ஆசிரியர் தலையில் விழும். அப்போது வரைபடமே வேறு.

ஆக, ஹெச்.எம்.மை மட்டும் ஜூமில் உட்காரவைத்து அங்கேயே வரைந்து முடிக்கச் சொல்வதுதான் பெரிய தவறு, ஏனென்றால் அவருக்குத் தெரிந்தது விதி, வேலை நடக்கும் விதம் அதைச் செய்பவருக்குத்தான் தெரியும். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். அப்புறம் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள், அவர் பள்ளியில் ஒரு டி.சி.யின் பின்னாலேயே போய்ப் பார்த்து, மேசை மேசையாக நேரத்தைக் குறித்துக்கொண்டு வரட்டும்.

நேரம் என்று சொன்னதும் இன்னொன்று. பயிற்சிகளில் ஓவல், செவ்வகம், சாய்சதுரம் என்று வடிவங்களைச் சொல்லித்தருகிறார்கள், காத்திருப்பை எங்கே போடுவது என்று சொல்வதில்லை. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1947ல் செயல்முறை வரைபடங்களுக்கு ஐந்து குறிகளை வரையறுத்தபோது தாமதத்துக்கென்றே ஆங்கில 'டி' வடிவில் ஒரு குறியைக் கொடுத்திருந்தது. அதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். மொத்த வேலை அரை மணி நேரம், டி.சி. கைக்கு வருவது மூன்றாம் நாள் என்றால், கூலியை விட்டுவிட்டு வந்த அந்த அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அந்த 'டி'க்குள்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை டி.சி.யை உடனே தர வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5வது பிரிவு சொல்கிறது, தாமதித்தால் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றும் சொல்கிறது. எந்தப் படியில் தாமதமாகிறது என்று தெரிந்துகொள்வது அவருக்கே பாதுகாப்பு.

வரைந்த படத்தை மேலதிகாரிக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். அனுப்பப் போகிறோம் என்று தெரிந்த நிமிடமே எல்லாரும் விதிப்புத்தகத்தை வரைந்துவிடுவார்கள், யார் மேல் தப்பு வருமோ என்ற பயம்தான், அதைக் குறை சொல்லவும் முடியாது. படம் பள்ளியிலேயே இருக்கட்டும்.

மென்பொருள் தேவையே இல்லை. பாதிப்பேர் செல்போனில்தான் வகுப்பைப் பார்க்கிறார்கள், அந்தச் சின்னத் திரையில் பெட்டியை இழுத்து அம்புக்குறி போடச் சொன்னால் மனசு முழுக்க அதிலேயே போய்விடும். சார்ட் பேப்பரில் பென்சிலால் வரைந்து போட்டோ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு குழுவுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொருவர் படத்தையும் எல்லாரும் பார்த்துக் கேள்வி கேட்க முடிய வேண்டும்.

கடைசியாக, இந்தப் பயிற்சியை மே மாத விடுமுறையில் வைக்காதீர்கள். பின்தொடர்ந்து பார்க்க அப்போது பள்ளியில் எந்த வேலையும் நடக்காது. ஜனவரியில் வைத்தால் மாற்ற வேண்டியதை மாற்றிப் பார்க்க நேரம் கிடைக்கும், ஜூனில் டி.சி. கேட்டுக் கூட்டம் வரும்போது புதுமுறை கைக்குப் பழகியிருக்கும்.