கேமரா மாறும்போது எடிட்டிங்கையும் மாற்றிக்கொள்வது எப்படி

டிஎஸ்எல்ஆரில் பல ஆண்டுகள் பழகியவர் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினால், பொத்தான்களின் இடம் சில நாட்களில் கைக்குப் பிடிபட்டுவிடும். எளிதில் மாறாதது எடிட்டிங் பழக்கம்தான். பழைய கேமராவின் ரா கோப்புகளுக்காக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்புகள்) பார்த்துப் பார்த்துச் செய்த பிரீசெட்டை, அதாவது சேமித்துவைத்த எடிட்டிங் அமைப்பை, புதிய கோப்பின்மேல் போட்டால், முகங்கள் மஞ்சளடிக்கும். நிழல்கள் சாம்பல் பூத்ததுபோல் வெளிறும். சென்சார் நிறங்களைப் பிரிக்கும் விதமும், மென்பொருள் அந்த கேமராவின் நிறங்களைக் கையாள வைத்திருக்கும் புரொஃபைலும் வேறாகிவிட்டதே இதற்குக் காரணம். ஆகவே பழைய பிரீசெட்டுகளைத் தற்காலிகமாக ஒதுக்கிவிட்டு, ஸ்லைடர்கள் அனைத்தையும் பூஜ்யத்தில் வைத்துத் தொடங்குவது நல்லது.

புதிய சென்சாரின் எல்லையை அறிய வேலூர்க் கோட்டை மிகப் பொருத்தமான இடம். வெயில் ஏறிய பிறகு அகழிக்கரையில் நின்று, வெளுத்த வானமும் மதிலின் நிழல் பகுதியும் ஒரே சட்டத்தில் அடங்கும்படி எடுங்கள். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. முக்காலி வைக்க அனுமதி பெற வேண்டியிருப்பதால், இதைக் கையில் பிடித்தே செய்துவிடலாம். ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 100 அல்லது உங்கள் கேமராவின் அடிப்படை அளவில் நிறுத்தி, ஒரே காட்சியைச் சரியான எக்ஸ்போஷரிலும், பின்னர் ஒவ்வொரு ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) குறைத்தும் கூட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து அவை எல்லாவற்றையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, மதிலின் கல் இடுக்குகளை நூறு சதவீத அளவில் பாருங்கள். கருங்கல்லுக்கு அழுத்தமான நிறம் இல்லாததால், நிழலை உயர்த்தும்போது ஏறும் சாயம் உடனே தெரிந்துவிடும். வானத்தின் நீலம் சற்றுப் படிவது இயல்பு. ஊதாவோ பச்சையோ திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அதற்குமேல் நிழலை இழுக்கக் கூடாது என்று பொருள். எந்தப் படத்தில் வானம் மீட்க முடியாத வெள்ளையாகிவிட்டதோ, அது மறுமுனை எல்லை. இந்த இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கேமராவோடு வரும் கையேட்டைவிட இது பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

கேமராவின் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் (இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்), ரா கோப்பிலிருந்து அல்ல, அதன் ஜேபெக் வடிவத்திலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. ஜேபெக்கின் நிறத்தையும் அழுத்தத்தையும் தீர்மானிக்கும் பிக்சர் ஸ்டைலில் பளிச்சென்ற ஒன்றை வைத்திருந்தால், ராவில் இன்னும் இடம் இருக்கும்போதே வெளிச்சம் தெறித்துவிட்டதாகக் காட்டும். நியூட்ரல் ஸ்டைலை வைத்தால் உண்மைக்கு நெருங்கி வரலாம்.

திருமண மண்டபத்தில் வேறு இரண்டு சிக்கல்கள் வரும். மணப்பெண்ணின் அரக்குச் சிவப்புப் பட்டில், மொத்த ஹிஸ்டோகிராம் பாதுகாப்பாகத் தெரிந்தாலும் சிவப்பு மட்டும் நிரம்பிவிடக்கூடும். அப்படியானால் மடிப்புகளும் நெசவும் அழிந்து சேலை ஒரே சிவப்புப் பரப்பாகிவிடும், எடிட்டிங்கில் அது திரும்பாது. எனவே மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து எடுக்க வேண்டும். அடுத்து, சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர்; அது பெரும்பாலும் படத்தை வரிவரியாகப் பதியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/100 அல்லது 1/50 நொடியில் எடுத்தால் பெரும்பாலும் அவை மறையும். மேடை எல்இடிகள் சில வேறு வேகத்தில் துடிப்பவை. சடங்கு தொடங்குமுன் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

வெள்ளையை வெள்ளையாகக் காட்டச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸில், பழைய கெல்வின் (ஒளியின் நிற வெப்பநிலை) எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே எண் இரண்டு கேமராக்களில் சற்று வேறு நிறம் தரும். ஷார்ப்னஸும் நாய்ஸ் குறைப்பும் ஐஎஸ்ஓவுக்கேற்ப மாறுபவை என்பதால், 400, 1600, 6400 ஆகியவற்றுக்குத் தனித்தனி அளவுகளைச் சோதித்து முடிவு செய்யுங்கள். லைட்ரூம் கிளாசிக்கில் ஒவ்வொரு கேமரா மாடலுக்கும் தனித் தொடக்க அமைப்பு வைக்கும் வசதி உண்டு; அங்கே இந்த அளவுகளைப் பதிந்துவிட்டால், பழைய கேமராவின் படங்களைத் திரும்பத் திறக்கும்போது அவை பாதிக்கப்படாது.