கி.பி. 69: ஒரு ரோம ஆண்டின் நிகழ்வுகளைத் தேதிவாரியாகத் தொகுப்பது எப்படி

பண்டைய ரோமின் ஓர் ஆண்டை எடுத்து அதில் நடந்தவற்றை வரிசைப்படுத்தப் போனால், சம்பவங்களுக்குப் பஞ்சம் இருக்காது. தேதிதான் காலை வாரிவிடும். கால்பா, ஓத்தோ, விட்டெல்லியஸ், வெஸ்பாசியன் என நான்கு பேரரசர்களைக் கண்ட கி.பி. 69 இந்த வேலையைப் பழக நல்ல ஆண்டு. மூலங்கள் நிறைய இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று முரண்படவும் செய்கின்றன.

முதலில் ஆண்டை அடையாளம் காண வேண்டும். ரோமர்கள் அன்றாட வழக்கில் ஆண்டுக்கு எண் போடவில்லை. ஜனவரி 1 அன்று பதவியேற்கும், கன்சல்கள் எனப்பட்ட இரண்டு தலைமை அதிகாரிகளின் பெயராலேயே ஆண்டைச் சொன்னார்கள். 69-க்கு அந்த இருவர் கால்பாவும் (அவருக்கு இரண்டாம் முறை) டைட்டஸ் வினியஸும். இடையில் பதவிக்கு வந்த மாற்றுக் கன்சல்களும் உண்டு. ஒரு கல்வெட்டில் கேள்விப்படாத ஜோடி கண்ணில் பட்டால், வேறு ஆண்டு என்று முடிவு கட்டுவதற்கு முன் மாற்றுக் கன்சல்களின் பட்டியலைப் பாருங்கள். ஜனவரி 1 பதவியேற்பும் கி.மு. 153 முதல்தான் வழக்கம். அதற்குச் சற்று முந்தைய காலத்தில் கன்சல்கள் மார்ச் 15-இல் பதவியேற்றார்கள். ஆகவே அந்தக் காலத்துக் கன்சல் ஆண்டு ஒன்று நம் கணக்கில் இரண்டு ஆண்டுகளில் கால் வைத்திருக்கும்.

ரோம் நகரம் நிறுவப்பட்டதிலிருந்து எண்ணும் கணக்கு வேண்டுமானால், கி.பி. ஆண்டோடு 753-ஐக் கூட்டுங்கள், கி.மு. ஆண்டை 754-இலிருந்து கழியுங்கள். 69 என்பது 822 ஆகும். இது ரோம அறிஞர் வர்ரோவின் கணக்கு. கேப்பிடலின் பட்டியல் (கல்லில் பொறித்த கன்சல் பட்டியல்) நகரின் தொடக்கத்தை ஓராண்டு தள்ளி வைப்பதால், இரு நூல்களுக்கிடையே சரியாக ஓராண்டு உதைத்தால் அங்கேதான் காரணம் இருக்கும். பூஜ்ஜிய ஆண்டு கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். கி.மு. 31-இல் நடந்த ஆக்டியம் போரிலிருந்து கி.பி. 14-இல் அகஸ்டஸ் இறந்தது வரை 31 + 14 − 1, அதாவது 44 ஆண்டுகள்.

அடுத்தது நாள் மாற்றம். பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. மாதத்தில் மூன்று குறிநாட்கள் உண்டு. காலெண்ட்ஸ் எப்போதும் 1-ஆம் தேதி. ஐட்ஸ் மார்ச், மே, ஜூலை, அக்டோபரில் 15. மற்ற மாதங்களில் 13. நோன்ஸ் முறையே 7 அல்லது 5. மற்ற நாட்களை வரப்போகும் குறிநாளுக்கு இத்தனையாவது நாள் முன் என்று பின்னோக்கி எண்ணுவார்கள், குறிநாளையும் சேர்த்தே எண்ணுவார்கள். ஆகவே:

நோன்ஸ் அல்லது ஐட்ஸுக்கு முன் என்றால்: குறிநாளின் தேதி + 1 − சொல்லப்பட்ட எண்.
காலெண்ட்ஸுக்கு முன் என்றால்: முந்தைய மாதத்தின் நாட்கள் + 2 − சொல்லப்பட்ட எண்.

கால்பா கொல்லப்பட்ட நாளை ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் பிப்ரவரி காலெண்ட்ஸுக்கு முன் 18-ஆம் நாள் என்கிறார். 31 + 2 − 18 = 15. ஜனவரி 15. மூலத்தில் பிப்ரவரி என்று இருப்பதைப் பார்த்து அப்படியே பிப்ரவரியில் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

இன்னொரு கண்ணி. யூதேயாப் படை வெஸ்பாசியனுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்த நாள் டாசிடஸிடம் ஜூலை நோன்ஸுக்கு முன் 5-ஆம் நாள், அதாவது ஜூலை 3. பேரரசர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய சூட்டோனியஸிடம் அது ஜூலை ஐட்ஸுக்கு முன் 5-ஆம் நாள், அதாவது ஜூலை 11. எண் ஒன்றுதான், குறிநாள் மாறியதில் எட்டு நாள் ஓடிவிட்டது. பொதுவாக ஜூலை 3-ஐத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்களும் அதையே எடுத்துக்கொண்டு, மற்றதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். இரண்டையும் சமரசம் செய்கிறேன் என்று "ஜூலைத் தொடக்கத்தில்" என்று மழுப்பினால் இருக்கிற தகவலும் போய்விடும்.

மேலே சொன்ன கணக்கு ஜூலியன் நாட்காட்டி வந்த கி.மு. 45-க்குப் பிறகுதான் நேரடியாகப் பொருந்தும். அதற்கு முன் ஜனவரிக்கு 29 நாட்கள். நாட்காட்டியும் பருவத்தோடு ஒட்டாமல் அலைந்துகொண்டிருந்தது. ரோம வரலாற்றாசிரியர் லிவி ஒரு சூரிய கிரகணத்தை ஜூலை 11-இல் பதிவு செய்கிறார். வானியல் கணக்குப்படி அது கி.மு. 190 மார்ச் 14. நான்கு மாத விலகல்! இதைச் சரிக்கட்டத்தான் கி.மு. 46-ஐ 445 நாட்களுக்கு இழுக்க வேண்டியிருந்தது. குடியரசுக் கால ஆண்டைத் தொகுப்பவர்கள் மூலத்தில் உள்ள தேதியை ரோமத் தேதி என்றே எழுதுவது நல்லது.

இனி மூலங்கள். 69-க்கு முதுகெலும்பு டாசிடஸின் 'வரலாறுகள்'. அது 69 ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது. முதல் நான்கு பகுதிகளும் ஐந்தாவதில் கொஞ்சமும் எஞ்சியிருக்கின்றன. கால்பா, ஓத்தோ பற்றிய புளூட்டாக்கின் வாழ்க்கை வரலாறுகள், சூட்டோனியஸ், யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ், பிற்காலச் சுருக்கமாக மட்டும் கிடைக்கும் காசியஸ் டியோ ஆகியோரை அதன் மேல் அடுக்குங்கள். இவர்கள் எல்லோரும் வெஸ்பாசியன் வென்ற பிறகு எழுதியவர்கள். ஜொசிஃபஸ் ரோமரிடம் சிறைப்பட்டு, வெஸ்பாசியன் தயவில் விடுதலை பெற்றவர். தோற்ற விட்டெல்லியஸைப் பற்றிய வசைகளை அப்படியே நிகழ்வாக எழுதிவிடக் கூடாது. சமகாலச் சான்று வேண்டுமென்றால் அர்வல் சகோதரர்கள் என்ற பூசாரிக் குழுவின் கல்வெட்டுப் பதிவுகளைப் பாருங்கள்: எந்த நாளில் எந்தப் பேரரசருக்காகப் பலியிட்டார்கள் என்று தேதியோடு இருக்கும்.

ஒவ்வொரு நிகழ்வுக்கும் தேதி, இடம், மூலம், உறுதி என்று நான்கு கட்டம் போட்டு நிரப்புங்கள். ஜனவரி 1: ரைன் கரையில் மைன்ஸில் இருந்த லெஜியன்கள் (ரோமப் படைப்பிரிவுகள்) கால்பாவுக்குப் பிரமாணம் எடுக்க மறுத்தன. ஜனவரி 2: கொலோனில் விட்டெல்லியஸைப் பேரரசர் என்று அறிவித்தார்கள். ஜனவரி 10: ரோமில் கால்பா பிசோவைத் தன் வாரிசாகத் தத்தெடுத்தார். ஜனவரி 15: கால்பாவும் பிசோவும் கொலை, ஓத்தோ பதவியில். ஏப்ரல் 14: பெத்ரியாக்கம் போரில் ஓத்தோவின் படை தோல்வி. இரண்டு நாளில் அவர் தற்கொலை செய்துகொண்டார். ஜூலை 1: அலெக்சாந்திரியாவில் வெஸ்பாசியன் பெயரால் பிரமாணம். அக்டோபர் இறுதி: கிரிமோனா அருகே இரண்டாவது போர், தொடர்ந்து நகரம் சூறை. டிசம்பர் 19: ரோமின் கேப்பிடல் குன்றில் தீ. டிசம்பர் 20: விட்டெல்லியஸ் கொலை.

வரிசை அமைந்ததும், செய்தி போய்ச் சேர்ந்த நேரத்தைச் சரிபாருங்கள். ரைன் பகுதிக் கலகத்தின் முதல் செய்தி ஜனவரி 1-க்குச் சில நாட்கள் கழித்துத்தான் ரோமுக்கு எட்டியது. பிசோவின் தத்தெடுப்பை அதுவே அவசரப்படுத்தியது. நடந்த நாளையும் தெரிந்த நாளையும் குழப்பிக்கொண்டால் காரணம் எது, விளைவு எது என்பது தலைகீழாகிவிடும்.

ஆட்சிக்காலங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் திருத்தப் போகாதீர்கள். வெஸ்பாசியன் தன் ஆட்சியை ஜூலை 1-இலிருந்து எண்ணினார். விட்டெல்லியஸோ டிசம்பர் வரை ரோமில் இருந்தார். இரண்டும் சரிதான். இதனால் வெஸ்பாசியனின் டிரிபியூன் அதிகாரத்தின் (பேரரசர்கள் ஆண்டுவாரியாக எண்ணிய பதவி அதிகாரம்) முதல் ஆண்டைக் குறிக்கும் நாணயமோ கல்வெட்டோ 69-இன் பிற்பாதியாகவும் இருக்கலாம், 70-இன் முற்பாதியாகவும் இருக்கலாம். எத்தனையாவது முறை கன்சல் என்ற எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் தீரும்.

சாவு எண்ணிக்கையைச் சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். கிரிமோனாவில் விட்டெல்லியஸ் தரப்பில் 30,200 பேர், எதிர்த்தரப்பில் 4,500 பேர் இறந்ததாக ஜொசிஃபஸ் சொல்கிறார். டியோ இரு தரப்புக்கும் சேர்த்து 50,000 என்கிறார். சராசரி எடுத்தால் யாருமே சொல்லாத ஓர் எண்தான் மிஞ்சும்.

ரோமுக்கு வெளியே ரைன் முகத்துவாரத்தில் சிவிலிஸ் தலைமையில் பட்டாவியர் கலகம், பிரிட்டனில் அரசி கார்ட்டிமாண்டுவாவுக்கு எதிராக வெனூட்டியஸின் எழுச்சி, டான்யூப் பக்கம் ரொக்ஸொலானிக் குதிரைப்படையின் ஊடுருவல் ஆகியவற்றுக்கும் வரி ஒதுக்குங்கள். பட்டாவியர் கலகம் 70 வரை நீள்வதைக் குறிப்பிட வேண்டும்.

கடைசியாக, பக்கத்து ஆண்டின் சரக்கு நுழைந்திருக்கிறதா என்று சலித்துப் பாருங்கள். எருசலேம் வீழ்ந்தது 70-இல். வெஸ்பாசியன் பேரரசராக ரோமுக்குள் நுழைந்ததும் 70-இல்தான். எரிந்த கேப்பிடல் கோயிலைத் திரும்பக் கட்டும் சடங்கை ஜூலை காலெண்ட்ஸுக்கு முன் 11-ஆம் நாள் என்று டாசிடஸ் தருகிறார். 30 + 2 − 11, ஜூன் 21. தீயோடு சேர்த்து 69-இல் எழுதத் தோன்றும், ஆனால் அதுவும் 70-இன் கணக்கு.