படுக்கையில் ஒருவர், பக்கத்தில் ஒருவர்: பக்கத்தில் இருப்பவருக்கு என்ன செய்யலாம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்தை ஒட்டிய ஊர்களில் ஒரு வீட்டில் ஆள் படுத்துவிட்டால் மறுநாளே லயமே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள் மொத்தமும், வந்து நிற்கும். ஆரஞ்சுப் பை, மைலோ டின், பேம்பர்ஸ் பொட்டலம். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது, "நீ தைரியமா இரும்மா, நீ அழுதா அப்பா தாங்க மாட்டாரு" என்று மகளின் தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண் ஆறு பேருக்குத் தேத்தண்ணி கலக்கியிருப்பாள். ஊறவைத்த துணி அப்படியே கிடக்கும். வந்தவர்களிடம் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவளுக்கு அதனால் ஒரு வேலைகூடக் குறையவில்லை.

குணப்படுத்த வழியில்லை, வலியில்லாமல் வைத்துக்கொள்வோம் என்று டாக்டர் சொல்லி வீட்டுக்கு அனுப்பிய நோயாளியை இரவு பகலாகப் பார்க்கிறவருக்குத் துணை நிற்க நினைக்கும் அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா, கோவில் கமிட்டித் தம்பிகளுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் தூக்கம்

"ஏதாவது வேணும்னா கூப்பிடு" என்று சொல்லாதீர்கள். யாரும் கூப்பிட மாட்டார்கள். நாளையும் நேரத்தையும் நீங்களே சொல்லுங்கள்: "புதன்கிழமை ராத்திரி 10 மணிக்கு நான் வந்து உட்கார்றேன். காலையில 6 மணி வரைக்கும் நீ எங்க வீட்ல படு." எங்க வீட்ல என்பது முக்கியம். லயத்துச் சுவர் மெல்லியது. அப்பா இருமினால் பக்கத்து அறையில் படுத்திருக்கும் மகள் எழுந்துவிடுவாள். நான்கு வீடு தள்ளிப் படுத்தால்தான் அது தூக்கம். வாரத்தில் இரண்டு இரவு, இரண்டு வேறு ஆட்கள் என்று வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம். ஒரே ஆள் தினமும் வந்தால் அவரும் சீக்கிரம் களைத்துவிடுவார்.

வலிக்கு மார்ஃபின் தண்ணி மருந்து கொடுக்கும் வீடுகளில் நேரம் பெரும்பாலும் 6, 10, 2, 6, 10, 2 என்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். அந்த நள்ளிரவு 2 மணி வேளைதான் பார்த்துக்கொள்பவரின் தூக்கத்தை உடைக்கிறது. சில நோயாளிகளுக்கு இரவு 10 மணி அளவைக் கூட்டிக் கொடுத்து 2 மணி வேளையை விட்டுவிட டாக்டர் அனுமதிப்பார். நீங்களாக அளவை மாற்றக்கூடாது. ஆனால் மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள், முடிந்தால் கூடப் போய்க் கேளுங்கள். கேட்காததாலேயே எழுந்துகொண்டிருக்கும் குடும்பங்கள் நிறைய.

மாற்றாள் வரும் முதல் நாளில் பொதுவாக நடக்கும் தவறு, எல்லாவற்றுக்கும் அவளையே எழுப்புவது. அதனால் இரண்டு நாள் முன்பே பகலில் போய்க் கூடவே நின்று பாருங்கள்: எந்தத் தலையணை எங்கே, எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைப்பது, மருந்தை எத்தனை மில்லி சிரிஞ்சில் எந்தக் கோடு வரை இழுப்பது. பள்ளிப்பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். நேரம், மருந்து, அளவு, வலி பத்துக்கு எத்தனை, வெளிக்குப் போன நாள் என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள். மார்ஃபின் மலச்சிக்கலைக் கொண்டுவரும். டாக்டர் கொடுத்த மலமிளக்கியை நிறுத்தினால் மூன்றாம் நாள் வயிறு உப்பி நோயாளி துடிப்பார், பழி மார்ஃபின் மேல் விழும். மருந்து கொடுத்தும் அடங்காத வலி, திடீர் மூச்சுத்திணறல், இரத்தப்போக்கு, கீழே விழுவது, இந்த நான்குக்கு மட்டும் எழுப்புவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

குற்றவுணர்ச்சி எங்கிருந்து வருகிறது

கோலாலம்பூரிலிருந்து சனிக்கிழமை வந்து இறங்கும் அண்ணன், "ஏன் சாப்பாடே குடுக்கல? பட்டினி போட்டே கொன்னுடுவீங்க போலிருக்கே" என்பார். அவருக்கு அது ஒரு வாக்கியம். கேட்டவளுக்கு அது வருடக்கணக்கில் உள்ளே கிடக்கும். கடைசி வாரங்களில் உடம்பே உணவைக் கேட்பதில்லை. சாப்பிடாததால் நோய் முற்றவில்லை, நோய் முற்றியதால்தான் சாப்பாடு இறங்கவில்லை. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி மூச்சுக்குழாயில் போகும். வாயை ஈரப்பஞ்சால் துடைத்து, உதட்டில் வேசலின் தடவுவதே அந்த நேரத்துக்கு உகந்த பராமரிப்பு. இதை அண்ணனிடம் சொல்ல வேண்டியது நீங்கள். தனியே அழைத்துப் போய், அவள் காதில் விழாமல், அவர் வந்த அன்றே சொல்லிவிடுங்கள்.

மார்ஃபினும் அப்படித்தான். டாக்டர் சொன்ன அளவில் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும் மார்ஃபின் உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் கடைசி மூச்சுக்கு முன் யாரோ ஒருவர் கடைசி வேளை மருந்தைக் கொடுத்திருப்பார். "நான் குடுத்ததாலதான்" என்ற எண்ணம் அந்தக் கையைவிட்டுப் போகாது. இதை முன்பே பேசிவிடுங்கள். பிறகு சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று படும்.

கடைசி நாட்களின் அறிகுறிகளையும் மிஸ்ஸி முன்கூட்டியே விளக்கட்டும். கைகால் குளிர்ந்து நீலம் பாயும். மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கும். விழுங்க முடியாத எச்சில் அங்கே தேங்குவதுதான் அந்தச் சத்தம். நோயாளி பெரும்பாலும் அதை உணர்வதில்லை, கேட்பவர்தான் நடுங்குகிறார். ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும்.

பேச்சு

நோயாளி காதில் விழாத இடம் வேண்டும். கடைக்குப் போய்வரும் வழி, கோவில் திண்ணை, எதுவானாலும் சரி, 20 நிமிடம் போதும். "அப்பா எப்படி இருக்காரு?" என்று எல்லாரும் கேட்டிருப்பார்கள். நீங்கள், "நேத்து ராத்திரி நீ எத்தனை மணிக்குப் படுத்த? ரொம்பக் கஷ்டமா இருக்கறது எது?" என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் அவள் சொல்வாள்: "சீக்கிரம் முடிஞ்சுட்டா தேவலைன்னு இருக்கு, அக்கா." எத்தனையோ நாள் சொல்லக் கூசிய வாக்கியம் அது. "அப்படியெல்லாம் பேசாதே, பாவம்" என்றால் இனி உங்களிடம் எதையும் சொல்ல மாட்டாள். "இப்படிப் பார்த்துக்கிற எல்லாருக்கும் தோணும்மா. அவர் படற வலி முடியணும்னுதானே நெனைக்கிற" என்றால் போதும். அழுதால் அழட்டும், கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் நோயின் பெயரை நோயாளியிடமே மறைப்பது வழக்கம். அந்த நாடகத்தை 24 மணி நேரமும் நடிப்பவரும் இதே மகள்தான். அது அவளை எவ்வளவு தேய்க்கிறது என்பதைக் குடும்பம் பார்ப்பதில்லை. மிஸ்ஸி வரும் நாளில், "உடம்பு எப்படி இருக்கறதா நீங்க நினைக்கிறீங்கப்பா?" என்று அவரையே கேட்க வழி செய்யுங்கள். பல பெரியவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

பார்த்துக்கொள்பவர் மகனாக இருந்தால் பேச்சு இன்னும் கடினம். உட்காரவைத்துக் கேட்காமல், மோட்டார் சைக்கிள் கழுவும்போதோ பேம்பர்ஸ் வாங்கப் போகும்போதோ கூடப் போங்கள்.

பணமும் வெளி உதவியும்

காசுக் கவலையும் மனச்சுமைதான். படுத்த படுக்கையான நாட்பட்ட நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு, வருமானத் தகுதி இருந்தால், சமூக நலத்துறை மாதம் 500 ரிங்கிட் தருகிறது. நாம் கெபாஜிக்கான் என்று சொல்லும் அலுவலகம்தான். சுங்கை சிப்புட்காரர்களுக்குக் கோலகங்சார் மாவட்ட அலுவலகம். டாக்டர் கடிதம், விண்ணப்பப் பாரம் எல்லாவற்றையும் நீங்கள் சேர்த்துக் கொடுங்கள். அவளுக்கு வரிசையில் நிற்க நேரம் இருக்காது. பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூக அதிகாரி இருப்பார், அவரிடமும் கேட்கலாம். வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவைக்கு ஈப்போவில் பேராக் பேலியேட்டிவ் கேர் சொசைட்டி, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹோஸ்பிஸ் மலேசியா. வீடு அவர்கள் எல்லைக்குள் வருமா என்று முதலில் கேளுங்கள்.

பார்த்துக்கொள்பவருக்கு இரண்டு வாரமாக மனம் சோர்ந்தே இருக்கிறதா, எதிலும் பிடிப்பு இல்லையா? இரண்டில் ஒன்றுக்காவது ஆமாம் என்றால் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். "நானும் கூடவே போயிடலாம்னு இருக்கு" என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாதீர்கள். மனக்கஷ்டத்தைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் லைன் 15555. உடனடி ஆபத்து என்றால் 999.

பதினாறாம் நாளுக்குப் பிறகு

கருமாதி வரை வீடு நிறைய ஆள். அதன் பிறகு நாற்காலிகளும் கூடாரமும் போய்விடும். மிச்ச மார்ஃபினை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்க யாராவது துணைக்குப் போங்கள், அந்த புட்டியை அவள் மட்டும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். நள்ளிரவு 2 மணிக்கு இன்னும் பல வாரம் அவளுக்குத் தானாக விழிப்பு வரும். உங்கள் காலண்டரில் மூன்றாம் வாரம், ஆறாம் வாரம், அப்பாவின் பிறந்தநாள், முதல் தீபாவளி நான்கையும் இப்போதே குறித்துவையுங்கள். அந்த நாட்களில் போகும்போது தேத்தண்ணியை ஃபிளாஸ்கில் நீங்களே கொண்டுபோங்கள்.