இன்னும் நிகழாததைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்: நாம் எங்கே சறுக்குகிறோம்?

ஆங்கிலத்தில் விண்ணப்பமோ மின்னஞ்சலோ எழுதும்போது தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் இலக்கணத்துக்குப் பயப்படுகிறார்கள். என் கவலை வேறு. இன்னும் நடக்காத, இன்னும் வெளிப்படாத ஒன்றைக் குறிக்கும் சொற்களில்தான் அதிகம் சறுக்குகிறோம். பொட்டென்ஷியல், லேட்டன்ட், டார்மன்ட், பெண்டிங் எல்லாம் அகராதியில் அக்கம்பக்கமாகக் கிடக்கின்றன. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தாலும் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே நிற்கும். பொருள் மாறிப்போனது எழுதியவருக்குத் தெரியாது.

முதலில் லேட்டன்ட். மறைந்திருத்தல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். பொருள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. உலக மக்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குக் காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலானோருக்கு இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை, அடுத்தவருக்குப் பரவுவதும் இல்லை. மருத்துவர்கள் 'லேட்டன்ட் டிபி' என்பது இந்த நிலையைத்தான். 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் அது நோயாக வெளிப்படலாம். இதையே 'பொட்டென்ஷியல் டிபி' என்று எழுதினால், கிருமி இன்னும் உள்ளே வரவில்லை, இனிமேல் வந்தாலும் வரலாம் என்றாகிவிடும். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்ற முடிவையே மாற்றக்கூடிய வித்தியாசம் அது.

ஓசூர் கம்பெனிகளுக்கு அனுப்பும் விண்ணப்பங்களில் 'ஐ ஹேவ் லேட்டன்ட் டேலன்ட்' என்று சிலர் பெருமையாக எழுதுகிறார்கள். 'என்னிடம் திறமை இருக்கிறது, ஆனால் இதுவரை யாரும் பார்த்ததில்லை' என்றுதான் அதற்கு அர்த்தம். ஒரு மாணவியைப் பற்றி ஆசிரியர் சொன்னால் பொருந்தும். வேலை கேட்பவர் தன்னைப் பற்றிச் சொல்லக் கூடாது. செய்து காட்டிய ஒரு வேலையைக் குறிப்பிட்டாலே போதும், அந்தச் சொல்லே தேவையில்லை.

டார்மன்ட் என்றால் உறக்கம். உயிர் இருக்கிறது, இயக்கம் இல்லை. நிலக்கடலை போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொடி ரக விதைக்கு உறக்க காலம் உண்டு, பறித்த உடனே போட்டால் முளைக்காது. கொத்து ரகங்கள் பலவற்றுக்கு அந்த உறக்கம் கிடையாது. அதனால்தான் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டு நட்டமாகிறது. வங்கியும் இதே சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது. வாடிக்கையாளர் 2 வருடத்துக்கு மேல் எந்த வரவு செலவும் செய்யாத சேமிப்புக் கணக்கு டார்மன்ட் ஆகும். கணக்கை மூடிவிட்டார்கள் என்று பலர் பதறுகிறார்கள். பணம் அப்படியே இருக்கும், வட்டியும் சேரும், அடையாளச் சான்றுகளைக் கொடுத்துத் திரும்ப இயக்கிக்கொள்ளலாம். 10 வருடம் அப்படியே கிடந்தால் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். அப்போதும் உரியவர் வங்கியில் கேட்டுப் பெறலாம். வங்கிக்கு எழுதும் கடிதத்தில் 'எக்ஸ்பயர்ட்', 'லேட்டன்ட்' என்றெல்லாம் போடாமல் டார்மன்ட் என்றே எழுதுங்கள்.

காசு விஷயத்தில் அதிகம் கவனிக்க வேண்டிய சொல் பொட்டென்ஷியல். கிருஷ்ணகிரியில் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசுவார்கள். மரம் பூத்து நிற்கிறது, காய் இன்னும் இல்லை. இந்த நேரத்தில் 'பொட்டென்ஷியல் ஈல்டு' என்றால் மழை, உரம், பூச்சி எல்லாம் நமக்குச் சாதகமாக அமைந்தால் அந்த மரம் அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு. 'எக்ஸ்பெக்டட் ஈல்டு' என்றால் நடைமுறையில் எவ்வளவு கைக்கு வரும் என்ற கணக்கு. மாம்பூவில் நூற்றில் ஒன்றுகூடக் காயாகி நிற்பதில்லை. காற்றடித்தால் உதிரும், தத்துப்பூச்சி விழுந்தால் கருகும். இரண்டு கணக்குக்கும் நடுவே டன் கணக்கில் இடைவெளி விழலாம். மாம்பழக் கூழ் ஆலைக்கு பெங்களூரா ரக மாம்பழம் தருவதாக ஆங்கிலத்தில் மெயில் எழுதும் படித்த பிள்ளை, முதல் எண்ணை இரண்டாவது பெயரில் எழுதிவிட்டால் ஆலைக்காரர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார். ஜூன் மாதத்தில் லோடு குறையும்போது சண்டை வரும். எழுதும்போதே எது எந்த எண் என்று பிரித்துப் போட்டுவிடுவது நல்லது. அப்புறம், வாங்கலாம் என்று வந்து விசாரித்துப் போனவர் 'ப்ராஸ்பெக்டிவ் பையர்'. இன்னும் விசாரிக்கவே இல்லை, ஆனால் வாங்கக்கூடியவர் என்று நாமாக நினைப்பவர் 'பொட்டென்ஷியல் பையர்'. பேச்சு வழக்கில் இரண்டும் கலந்துதான் வரும். வியாபாரக் கடிதத்தில் பிரித்து எழுதினால் யாரை நம்பி லாரி பேசலாம் என்பது தெளிவாகும்.

நிச்சயமான மாப்பிள்ளையை, பெண்ணை நாம் 'வுட்பி' என்கிறோம். நம் ஊரில் எல்லாருக்கும் புரியும், அதில் தவறும் இல்லை. ஆனால் வெளிநாட்டு மேனேஜருக்கு 'மை வுட்பி' என்று எழுதாதீர்கள். அங்கே அது ஆசைப்பட்டும் இன்னும் ஆக முடியாதவரைக் குறிக்கும். 'வுட்பி ஆக்டர்' என்றால் நடிகராக முயன்று வாய்ப்புக் கிடைக்காதவர். 'ஃபியான்சே' என்று எழுதுங்கள்.

மேடைகளில் 'அப்கமிங் சிங்கர்' என்று அறிமுகப்படுத்துகிறார்கள். அப்கமிங் என்பது நடக்கப்போகும் நிகழ்ச்சிக்கு உரியது. வளர்ந்து வரும் பாடகர் 'அப் அண்ட் கமிங்'. 'இம்பெண்டிங்' பெரும்பாலும் கெட்டது நெருங்குவதைச் சொல்லும். கல்யாணத்துக்கோ பதவி உயர்வுக்கோ அதைப் போட வேண்டாம்.

கடைசியாக, அலுவலகங்களிலிருந்து வரும் பதில்கள். பட்டா மாறுதல் மனு 'பெண்டிங்' என்றால் முடிவு இன்னும் எடுக்கவில்லை. 'கெப்ட் இன் அபேயன்ஸ்' என்று வந்தால், தற்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைத் தள்ளுபடி என்று நினைத்துப் புதிதாக மனுப் போடாதீர்கள். எந்தக் காரணத்துக்காக, எதுவரைக்கும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.