கோலாலம்பூரில் பழைய குடும்பக் கார் வாங்குவோர் கவனத்துக்கு

குடும்பத்துக்காகப் பழைய ஸ்டேஷன் வேகன் (பின்புறம் நீண்டு, சாமான்களுக்கு அதிக இடம் தரும் கார்) தேடுகிறீர்களா? இங்கு அவ்வகைக் கார்கள் அரிதாகவே விற்பனைக்கு வருவதாலும், ஐரோப்பியத் தயாரிப்புகளின் உதிரிபாகச் செலவு பட்ஜெட்டைக் குலைத்துவிடக்கூடும் என்பதாலும், 2009இல் அறிமுகமான மலேசியத் தயாரிப்புகளான பெரோடுவா அல்சா, புரோட்டோன் எக்சோரா போன்ற ஏழு இருக்கை எம்.பி.வி.களையும் (மூன்று வரிசை இருக்கை கொண்ட குடும்ப வாகனங்கள்) சேர்த்துப் பார்ப்பது நல்லது. பின்வரிசைக்கான ஏசி, குழந்தை இருக்கைக்கான ஐசோஃபிக்ஸ் கொக்கி ஆகியவற்றைப் பிறகு பொருத்துவது கடினம். ரிவர்ஸ் கேமராவை எப்போது வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம். அல்சாவின் மூன்றாம் வரிசையை நிமிர்த்திவிட்டால் சாமான்களுக்கு அதிக இடம் மிஞ்சாது என்பதால், குழந்தைத் தள்ளுவண்டியைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பாருங்கள் (விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்).

2021 டிசம்பர் வெள்ளத்தில் கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளமான கார்கள் மூழ்கின. எனவே இருக்கைப் பட்டையை அடிவரை இழுத்து, அதன் கடைசிச் சாணில் சேற்றுக் கறை இருக்கிறதா எனப் பாருங்கள். விற்பவர்கள் கம்பளத்தை மாற்றுவார்கள், பட்டையை மறந்துவிடுவார்கள். மாற்றுச் சக்கரம் இருக்கும் குழியில் துரு, இருக்கையின் அடியில் ஈர வாடை இரண்டும் சேர்ந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். உரிமை மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் தேறியது என்பதை மட்டும் நம்பிவிடாமல், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடமும் காட்டுங்கள். டயர், பேட்டரி, கியர் எண்ணெய் ஆகியவற்றுக்கான தொகையை விலை பேசுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.