ரோ வீடியோ திக்கித் திக்கி ஓடுதா? முதல்ல புரொக்ஸி போடுங்க

புறாத்தீவிலயோ கோணேசர் கோயிலடியிலயோ 4கே ரோவில (கமரா சென்சர் தரவை அப்படியே பதியிற வடிவம்) எடுத்த வீடியோவை அப்படியே டைம்லைனில போடாதீங்க. டாவின்சி ரிசோல்வ் எடிட்டிங் மென்பொருளில கிளிப்புகளைத் தெரிவு செய்து 1080பியில புரொக்ஸி (எடிட் பண்ண மட்டும் பாவிக்கிற சின்ன நகல்) உருவாக்கி, அதில வெட்டி ஒட்டுங்க. புது லாப்டொப்புக்குக் காசு தேடுறதுக்கு முதல் இதைச் செய்து பாருங்க.

ரோவில ஒவ்வொரு ஃபிரேமையும் கணினி சென்சர் தரவிலிருந்து நிறமாக்கித்தான் காட்டவேணும்; 4கேயில அது ஏறக்குறைய 83 இலட்சம் பிக்சல். 1080பியில 21 இலட்சம்தான், நிறமாக்கும் வேலையும் முன்கூட்டியே முடிஞ்சிருக்கும். எக்ஸ்போர்ட்டில புரொக்ஸியைப் பாவிக்கிற தெரிவை டிக் பண்ணாமல் விட்டால் மூலக் கோப்பே போகும், தரம் குறையாது.

ஆனால் எக்ஸ்போர்ட் இதால வேகமாகாது. ஃபோகஸ், நொய்ஸ் (படத்தில வாற புள்ளிகள்) பார்க்கவும் கலர் திருத்தவும் மூலத்துக்கே திரும்புங்க. இரண்டு நிமிட கிளிப்புக்கு இந்த மினக்கேடு வேண்டாம்.